வாப்பிச்சி மரிக்கார் (1829 – 1925): ஒரு கொந்தராத்துக்காரரின் வரலாற்றுத் தடம்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சி பற்றி எழுதுவோர் மூன்று பெயர்களை ஒருசேரக் குறிப்பிடுவது வழக்கமாகியுள்ளது. அறிஞர் எம்.ஸீ. சித்திலெப்பை, எகிப்திய தேசிய எழுச்சியின் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா, கொழும்பின் வர்த்தகப் பிரமுகர் வாப்பிச்சி மரிக்கார் என்போரே அம்மூவர். இவர்களுள் முதலாமவர் பத்திரிகை நடத்தியவர், நாவல் எழுதியவர், தமது எண்ணங்களை அச்சில் விட்டுச் சென்றவர். இரண்டாமவரின் வாழ்வு எகிப்தின் நவீன வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. அவரைப் பற்றி அரபியிலும் ஆங்கிலத்திலும் நூல்கள் பல உள்ளன. மூன்றாமவரோ பெரும்பாலும் 'கொடைவள்ளல்' என்ற ஓர் அடைமொழியோடு கடந்து செல்லப்படுகின்றார். முதலிருவரின் கருத்தும் செல்வாக்கும் வரலாறாகக் கொள்ளப்பட, மூன்றாமவரின் பங்கு பணம் கொடுத்ததோடு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுவது சரியான கணிப்பாகத் தோன்றவில்லை.

எழுத்தை மாத்திரம் சான்றாகக் கொள்ளும் வரலாற்று நோக்கு வணிகர்களைப் பொறுத்தவரை எப்போதும் குறையுடையதாகவே அமைகின்றது. வணிகர் நூல் எழுதுவதில்லை. சொற்பொழிவுகளைத் தொகுத்து வைப்பதுமில்லை. அவர்களின் கணக்கேடுகளும் பெரும்பாலும் அவர்களோடு அழிந்துவிடுகின்றன. ஆயினும் வாப்பிச்சி மரிக்கார் சான்றுகள் எதனையும் விட்டுச் செல்லாதவர் அல்லர். அவரது சான்றுகள் வேறு வகையானவை. கொழும்பு நகரின் சில பெருங்கட்டடங்கள், ஒரு நூதனசாலை நெடுங்காலம் கடைப்பிடித்த வாராந்த விடுமுறை, மருதானையில் எழுந்த ஒரு பாடசாலை ஆகிய மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது, அவர் எதனை மதித்தார், தம் சமூகத்துக்கு எதனை வேண்டினார் என்பது ஓரளவு தெளிவாகப் புலப்படும்.

அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் 1829ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். 'வாப்பா' என்னும் அன்புச் சொல் அவரது பெயரிலேயே ஒலிப்பதை வாசகர் கவனித்திருக்கக் கூடும். அவரது முன்னோர் 1060ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த ஷெய்க் பரீதின் வழியினர் என்பது அக்குடும்பத்தின் மரபு. இத்தகைய குல வரலாறுகளை ஆவணங்கொண்டு நிறுவுவது கடினம். எனினும், தம்மை இந்த நாட்டின் பழங்குடிகளாகவே அக்குடும்பத்தினர் உணர்ந்து வந்தனர் என்பதற்கு இம்மரபு சான்றாகும்.

அவர் பிறந்த காலத்தின் ஒரு சட்ட நிலையை ஈண்டு நினைவுகூர்வது அவசியம். ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகர் கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடும் நிலமும் உடைமையாகக் கொள்வது தடுக்கப்பட்டிருந்தது. வணிகத்தில் தமக்குப் போட்டியாக நின்ற ஒரு சமூகத்தை நகரின் வாணிப மையத்திலிருந்து ஒதுக்கி வைப்பதே அத்தடையின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. பிரித்தானியர் இலங்கையின் கரையோரத்தை 1796இல் கைப்பற்றிய பின்னரும் அத்தடை உடனடியாக அகன்றுவிடவில்லை. 1832ஆம் ஆண்டிலேயே அது நீக்கப்பட்டது. அப்போது வாப்பிச்சி மரிக்கார் மூன்று வயதுக் குழந்தை. புறக்கோட்டையில் ஒரு வீடு வாங்கும் உரிமை தம் தந்தையர் தலைமுறைக்குச் சட்டப்படி இல்லாதிருந்த நகரில், நாற்பதாண்டுகள் கழித்து அதே புறக்கோட்டையில் நகர மண்டபத்தைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜே.ஜி. ஸ்மிதர் வரைந்த திட்டத்தின்படி 1873ஆம் ஆண்டளவில் பணி தொடங்கிய அம்மண்டபமே 1928இல் கறுவாத்தோட்டத்தில் புதிய நகர மண்டபம் திறக்கப்படும்வரை கொழும்பு மாநகர சபையின் இருப்பிடமாக விளங்கியது. ஒரு சமூகத்தின் நிலை ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள் எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

அவரது தொழில் கட்டட ஒப்பந்தம்; அக்காலக் கொழும்பு வழக்கில் கொந்தராத்து. சோனகர் என்றவுடன் துணிக்கடையும் இரத்தினக்கல்லும் மாத்திரமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கொழும்புச் சோனகரிடையே கொத்துத் தொழிலில் தேர்ந்தோர் பலர் இருந்தனர் என்பதையும், கட்டட வேலை அச்சமூகத்தின் மதிப்புக்குரிய தொழில்களுள் ஒன்றாக விளங்கியது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கொந்தராத்துக்காரர் என்பவர் முதலாளி மாத்திரமல்லர். அரசாங்கம் கோரும் கேள்வி மனுவுக்கு விலை குறித்து, பிணைப்பணம் கட்டி, வேலையை ஏற்ற நாள் முதல் செங்கல், கபுக்கல், சுண்ணாம்பு, மரம் அனைத்தையும் அவரே தேடிச் சேர்க்க வேண்டும். மேசன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் கூலியாட்களுக்கும் கூலியை முன்னதாகக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பொறியியலாளர் பார்வையிட்டுச் சான்று தந்த பின்னரே அரசாங்கப் பணம் தவணை தவணையாக வந்து சேரும். இடையில் மழை பெய்தாலும், மரத்தின் விலை ஏறினாலும், வேலையாள் நோயுற்றாலும் நட்டம் அவருடையதே. இத்தகைய தொழிலில் நிலைத்து நிற்பதற்குக் கைமுதல் மாத்திரம் போதாது. கடன் தருவோரும் வேலையாட்களும் அதிகாரிகளும் அவர் சொல்லை நம்ப வேண்டும். இஸ்லாமிய வணிக ஒழுக்கத்தில் 'அமானத்' எனப்படும் நம்பகத்தன்மை, இங்கு மறுமைக்குரிய நற்பண்பாக மாத்திரமன்றித் தொழிலின் மூலதனமாகவும் அமைந்திருந்தது.

காலமும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கை செழித்திருந்த 1870களின் முற்பகுதியில் அரசாங்கத்தின் வருமானம் பெருகியது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் வில்லியம் கிரெகரி, அவ்வருமானத்தைப் பொதுவேலைகளில் தாராளமாகச் செலவிட்டார். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டதும் அவர் காலத்திலேயாகும். 1869இல் முதன்முதலில் அடையாளங் காணப்பட்ட கோப்பி இலைநோய் பின்னர் அப்பயிரை அடியோடு அழித்துவிட்டது என்பது வேறு கதை. அந்தச் செழிப்புக்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் இன்றும் நாம் காணும் கொழும்பின் பழைய முகத்தோற்றம் உருவாகத் தொடங்கியது. நகர மண்டபம், நூதனசாலை, சுங்கக் கட்டடம், காலிமுக ஹோட்டல், பின்னர் 1895இல் கோட்டையில் திறக்கப்பட்ட பொதுத் தபாலகம் என வாப்பிச்சி மரிக்காரின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் கட்டடங்களின் பட்டியல் நீண்டது. அப்பட்டியலை முழுமையாக ஒப்புவிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றுள் நூதனசாலை ஒன்றே நம் விசேட கவனத்துக்குரியது.

இலங்கையின் தொல்பொருட்களையும் இயற்கைப் பொருட்களையும் பேணிக் காட்சிப்படுத்த ஒரு நூதனசாலை வேண்டும் என்ற கோரிக்கையை றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளை முன்வைத்திருந்தது. கிரெகரி அதனை விரும்பி ஏற்றுக்கொண்டார். சட்டநிரூபண சபையின் ஒப்புதல் 1873இல் கிடைத்தது. ஸ்மிதர் இத்தாலியப் பாணியில் திட்டம் வரைய, வாப்பிச்சி மரிக்கார் கட்டி முடித்தார். கறுவாத்தோட்டத்தில் வெண்ணிறமாக எழுந்த அம்மாளிகை 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்து வைக்கப்பட்டது.

அந்நிகழ்வோடு இணைந்த ஒரு செய்தி முஸ்லிம்களிடையே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. கட்டடத்தின் சிறப்பைக் கண்டு மகிழ்ந்த தேசாதிபதி, அதனை உருவாக்கியவர்களுக்கு என்ன கௌரவம் வேண்டுமென வினவினாராம். மரவேலைகளைச் செய்த பெரேரா என்பவர் ஒரு பட்டம் வேண்டினார், அது வழங்கப்பட்டது. வாப்பிச்சி மரிக்கார் தமக்கென எதனையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முஸ்லிம்களின் புனித நாளாதலால் அன்று நூதனசாலை மூடப்பட வேண்டும் என்று மாத்திரம் கேட்டார். அதுவும் வழங்கப்பட்டது. கொழும்பு நூதனசாலை நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்தது என்பது மூத்த தலைமுறையினர் நன்கறிந்த உண்மை. இங்கிலாந்து எடுத்துச் சென்ற கண்டி மன்னரின் சிம்மாசனம் 1934இல் திருப்பி அளிக்கப்பட்டு இந்நூதனசாலைக்கு வந்தது. அதனை மக்கள் காண்பதற்காகப் பின்னாளில் ஒரு வெள்ளிக்கிழமை மாத்திரம், மரிக்காரின் பேரரின் இணக்கத்தைப் பெற்ற பின்னரே நூதனசாலை திறந்து வைக்கப்பட்டது என்றும் கூறப்படுகின்றது.

இக்கதை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தமைக்குக் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஒருவர் பட்டம் கேட்டார். மற்றவர் மார்க்கத்துக்கு மதிப்புக் கேட்டார். இந்த முரண் செவிக்கு இனிமையானது. ஆயினும் பெரேராவைச் சிறுமைப்படுத்தி மரிக்காரை உயர்த்தும் வகையில் இதனைச் சொல்வது எமக்கு உடன்பாடன்று. குடியேற்ற ஆட்சியின் கீழ் ஒரு கைவினைஞருக்குப் பட்டம் என்பது வெற்றுப் பெருமையன்று. அது அவரது குடும்பத்துக்குப் பாதுகாப்பும் சமூகத்தில் ஓர் இடமும் ஆகும். கேட்டது தவறில்லை, கொடுத்ததும் தவறில்லை. நாம் ஆராய வேண்டியது மரிக்காரின் வேண்டுகோளின் உட்பொருளையே.

மார்க்கக் கண்ணோட்டத்தில் நோக்கின் ஒரு கேள்வி எழுகின்றது. இஸ்லாத்தில் வெள்ளிக்கிழமை ஓய்வு நாளன்று. அல்குர்ஆனின் அல்ஜும்ஆ அத்தியாயம், தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டு விரையுமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் பணிக்கின்றது. யூதரின் சனிக்கிழமை போலவோ கிறிஸ்தவரின் ஞாயிற்றுக்கிழமை போலவோ நாள் முழுவதும் வேலை நிறுத்துவது நம் ஷரீஅத்தின் கட்டளை அன்று. தம் வாழ்நாள் முழுவதும் வணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒரு சோனகர் இதனை அறியாதிருந்திருப்பார் எனக் கருத இயலாது. ஆங்கிலத்தில் இக்கதையை எழுதியோர் வெள்ளியை 'முஸ்லிம்களின் ஸப்பாத்' என்று குறித்துச் சென்றமை ஒரு மொழிபெயர்ப்புப் பிழை என்றே கொள்ளத்தக்கது. அவ்வாறாயின் அவர் ஏன் முழு நாள் விடுமுறையை வேண்டினார்?

இதற்கு விடை அக்காலப் பிரித்தானியாவில் கிடைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூதனசாலைகளை ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா என்பது அந்நாட்டில் கடும் விவாதத்துக்குரிய பொருளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையின் புனிதத்தைப் பேண விரும்பியோர் திறக்கக் கூடாதென்றனர். உழைக்கும் மக்களுக்கு வேறு ஓய்வு நாள் இல்லையாதலால் திறக்க வேண்டுமென மற்றையோர் வாதித்தனர். இலண்டனின் தேசிய நூதனசாலைகள் 1896இல்தான் ஞாயிறுகளில் திறக்கப்பட்டன. எனவே 1877இல் ஓர் ஆங்கிலேயருக்கு, பொது நிறுவனமொன்று எந்த நாளில் மூடப்படுகின்றது என்பது எந்த மதத்தை அரசு மதிக்கின்றது என்பதன் அடையாளமாகவே பொருள்பட்டது. இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. கிரெகரி தாம் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது 1860இல் பிரித்தானிய நூதனசாலை பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1867 முதல் தேசிய ஓவியக் கூடத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். நூதனசாலைகளை ஞாயிற்றுக்கிழமை திறக்க வேண்டுமென உறுதியாக வாதிட்டு வந்தவர். தம் சொந்த மதத்தின் ஓய்வு நாளில் நூதனசாலைக் கதவைத் திறக்கப் பாடுபட்ட ஒருவரிடமே, இன்னொரு மதத்தின் பெயரால் அதனை மூடுமாறு மரிக்கார் வேண்டினார்.

ஆகவே அவ்வேண்டுகோளை வெறும் பக்தி உணர்வின் வெளிப்பாடாக மாத்திரம் கொள்வது போதாது. ஆட்சியாளர் விளங்கிக்கொள்ளும் மொழியிலேயே அவர் பேசினார் எனலாம். ஒரு சோனகருக்குப் பட்டம் கிடைத்திருந்தால் அது அவரோடு மறைந்திருக்கும். நாட்டின் முதன்மையான பண்பாட்டு நிறுவனம் வாரந்தோறும் ஒரு நாள் கதவடைத்து முஸ்லிம்கள் இந்நாட்டில் இருக்கின்றனர் என்பதை அறிவித்ததோ, அவருக்குப் பின்னும் பல தலைமுறைகள் நீடித்தது. அக்காலத்தில் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் இருக்கவில்லை. 1889இல்தான் எம்.ஸீ. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். சோனகர் தனியோர் இனத்தவரே அல்லர் என்று வாதிட்ட பொன்னம்பலம் இராமநாதனின் கட்டுரை, நூதனசாலைக்காகக் குரல் கொடுத்த அதே றோயல் ஆசிய சங்கக் கிளையின் சஞ்சிகையில் வெளிவந்ததும் அக்காலப் பகுதியிலேயாகும். அந்தப் பின்னணியில் வைத்து நோக்கும்போது அந்த வெள்ளிக்கிழமையின் கனம் புலப்படும்.

கிரெகரியின் கதை இத்துடன் முடியவில்லை. இலங்கையை விட்டுச் சென்ற அவர் 1881 – 82 குளிர்காலத்தில் மனைவி அகஸ்தாவுடன் கெய்ரோவில் தங்கியிருந்தார். அங்கு ஒராபி பாஷாவுடன் பழகி, எகிப்திய தேசிய இயக்கத்தின்பால் அனுதாபம் கொண்டு, இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு அவருக்கு ஆதரவாகக் கடிதங்கள் எழுதினார். அகஸ்தா கிரெகரி ஒராபியின் இல்லத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1882இல் ஆங்கில வாசகர்களின் மனத்தைத் தொட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் திகதி தல் அல்கபீர் போரில் எகிப்தியப் படை தோல்வியுற்றது. ஒராபியும் தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினர். துறைமுகத்தில் திரளான முஸ்லிம்கள் அவர்களை வரவேற்றனர். இவ்வாறு, கொழும்பில் மரிக்காரைக் கொண்டு நூதனசாலை கட்டுவித்த தேசாதிபதி கெய்ரோவில் எவருக்காக வாதாடினாரோ, அவரே மரிக்காரின் நகருக்கு வந்து, அவரோடு இணைந்து ஒரு பாடசாலையின் தோற்றத்துக்குத் துணைநின்றார். வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் சில வேளைகளில் திட்டமிட்டவை போலவே அமைந்துவிடுகின்றன.

அக்காலத்தில் இலங்கை முஸ்லிம்களின் கல்வி நிலை கவலைக்குரியதாக இருந்தது. ஆங்கிலக் கல்வி பெரிதும் கிறிஸ்தவ மிஷனரிகளின் கையில் இருந்தமையால், பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவர் என்ற அச்சத்தில் பெற்றோர் அப்பாடசாலைகளை விலக்கினர். குர்ஆன் மத்ரஸாவும் தந்தையின் கடையுமே ஆண்பிள்ளைகளின் கல்விக்கூடங்களாக அமைந்தன. ஏனைய சமூகத்தினர் இதற்கு மாற்று வழி கண்டிருந்தனர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இலேயே சைவப் பாடசாலையைத் தொடக்கியிருந்தார். கொழும்பில் பௌத்தர் 1886இல் பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையை நிறுவினர். இந்தியாவில் சேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் தம் கல்லூரியைத் தொடக்கிவிட்டார். கண்டியில் பிறந்து முஸ்லிம்களுள் முதலாவது பிறக்டராகத் தொழில் புரிந்த சித்திலெப்பை, 1882 டிசம்பரில் தொடக்கிய 'முஸ்லிம் நேசன்' மூலம் இதனை இடைவிடாது எடுத்துரைத்தார். அவர் 1884இல் கொழும்பில் நிறுவிய அல்மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா என்னும் பாடசாலை போதிய ஆதரவின்றிச் சில ஆண்டுகளில் நின்று போயிற்று.

இத்தோல்வி கவனத்துக்குரியது. கருத்துக்குக் குறைவிருக்கவில்லை, எழுத்துக்கும் குறைவிருக்கவில்லை. குறைந்தது நிலையான பொருளாதாரத் தாங்கலும், பொதுமக்களைக் கூட்டி நிறுத்தும் உள்ளூர்ச் செல்வாக்குமே. சித்திலெப்பை கண்டியிலிருந்து வந்தவர். ஒராபி கைதியாக வந்த விருந்தினர். கொழும்புச் சோனகக் குடும்பங்களின் வாசலில் நின்று, உங்கள் பிள்ளையை இங்கே அனுப்புங்கள் என்று உரிமையோடு சொல்லக்கூடியவர் கொழும்புக்காரராகவே இருத்தல் வேண்டும். வாப்பிச்சி மரிக்கார் அத்தகையவர். அவர் கட்டிய கட்டடங்களில் கூலி பெற்ற குடும்பங்கள், அவருக்குப் பொருள் விற்ற கடைக்காரர், அவரோடு பள்ளிவாசலில் தோள் சேர்ந்து தொழுத அயலவர் அனைவரும் அவரை அறிவர். ஆங்கிலக் கல்வி ஈமானைக் கெடுக்கும் என்று அஞ்சிய ஒரு தந்தைக்கு, வெள்ளிக்கிழமைக்காகப் பட்டத்தை விட்டவர் இப்பாடசாலையின் பின்னால் நிற்கின்றார் என்பது பல கட்டுரைகளினும் வலிய உத்தரவாதமாக அமைந்திருக்கும்.

1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலை அடுத்து 'அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா' ஆரம்பிக்கப்பட்டது. ஒராபி பாஷா அதன் புரவலராக விளங்கினார். அது பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக மலர்ந்து நாடறிந்த நிறுவனமாயிற்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரசாங்கத்தின் பெருமாளிகைகளைக் கட்டிய கைகள் சமூகத்துக்கெனத் தொடக்கியது ஓர் எளிய பாடசாலையே என்பது நோக்கற்பாலது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. செல்வமீட்டிய ஒருவர் அவ்வயதில் தம் பெயரால் ஒரு பள்ளிவாசலையோ ஸியாரத்தையோ எழுப்ப நினைப்பது அக்கால இயல்பு. அவற்றின் நன்மையை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரு கூடத்தையும் ஸதகா ஜாரியாவாக, மரணத்தின் பின்னும் நன்மை தரும் நிலையான தர்மமாகக் காண்பதற்கு மார்க்கத்தைப் பற்றிய ஒரு விரிந்த பார்வை வேண்டும். அப்பார்வையை அவருக்குத் தந்ததில் சித்திலெப்பைக்குப் பெரும் பங்குண்டு. அதனை ஏற்றுச் செயற்படுத்திய துணிவு மரிக்காருடையது.

அதற்குப் பிந்திய ஆண்டுகளே எமக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகின்றன. சித்திலெப்பை 1898இல் காலமானார். ஒராபி பாஷா மன்னிப்புப் பெற்று 1901இல் எகிப்து திரும்பினார். பாடசாலை பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் மூவருள் இருவர் இல்லாது போயினர். எஞ்சியவர் வாப்பிச்சி மரிக்கார் ஒருவரே. ஒரு நிறுவனத்தைத் தொடக்குவதிலும் கடினமானது அதனை மூடவிடாது காப்பது என்பதை நம் சமூகம் பல தடவை கண்டுள்ளது. 1884இல் தொடங்கியது மறைய, 1892இல் தொடங்கியது நிலைத்தமைக்கான காரணங்களைத் தேடுவோர், திட்டமிட்டவர்களின் கருத்து வேறுபாடுகளில் மாத்திரமன்றி, வாணிபச் சமூகம் இரண்டாவது முயற்சியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டமையிலும் தேட வேண்டும். சித்திலெப்பையைப் பற்றிய ஆய்வுகள் சில, நன்கொடையாளர் பெயர்களை அடிக்குறிப்புப் போல ஓர் ஓரத்தில் வைப்பது இக்காரணத்தாலேயே நமக்கு நிறைவளிக்கவில்லை.

அவரது மைந்தர் டபிள்யூ.எம். அப்துல் ரஹ்மான் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். அம்மைந்தரின் புதல்வரே 1893இல் பிறந்த சேர் ராசிக் பரீத். பாட்டனார் துணைநின்று தொடக்கிய மருதானை மத்ரஸாவிலேயே அவரது ஆரம்பக் கல்வி நிகழ்ந்தது. 1944இல் சோனகர் இஸ்லாமியக் கலாசார நிலையத்தையும் 1946இல் முஸ்லிம் மகளிர் கல்லூரியையும் தோற்றுவித்ததில் அவருக்கிருந்த முதன்மைப் பங்கை நாடறியும். முஸ்லிம் பெண்களுக்கு ஆங்கிலக் கல்வியா என்று கேட்ட ஒரு தலைமுறையை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. பையன்களுக்கு ஆங்கிலக் கல்வியா என்று கேட்ட முந்திய தலைமுறையை எதிர்கொண்டவரின் பேரர் அவர்.

அரசியல் குடும்பங்களின் பெருமையாக மாத்திரம் இம்மரபைச் சுருக்கிவிடவும் கூடாது. அல்ஹாஜ் எம்.ஐ.எம். நளீம் என்ற இரத்தினக்கல் வணிகர் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியபோது, மார்க்க அறிவையும் நவீன அறிவையும் ஒரே கூரையின் கீழ் இணைக்கும் அதே எண்ணத்துக்கு எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு வணிகரின் பொருளும் உழைப்பும் தாங்கலாயின. இவ்விருவருக்கும் குடும்ப உறவோ தொழில் உறவோ இல்லை. அறிஞரும் வணிகரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டடையும் ஒரு வழக்கம் இந்நாட்டு முஸ்லிம்களிடையே வேரூன்றியிருந்தது என்பதையே இது காட்டுகின்றது.

வாப்பிச்சி மரிக்கார் நீண்ட ஆயுள் பெற்றவர். பேரர் வளர்ந்து பொதுவாழ்வில் நுழைவதைக் கண்டார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் தாம் பிறந்த நாட்டில் தம் சமூகத்தவரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை எண்பத்தாறு வயது முதியவராக அவர் காண நேர்ந்தது. 1921இல் ரி.பீ. ஜாயா அதிபர் பொறுப்பை ஏற்றபோதும் அவர் உயிரோடிருந்தார். ஸாஹிரா தன் பொற்காலத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய அந்த முதல் சில ஆண்டுகளைக் கண்ட பின்னர், 1925இல், தொண்ணூற்றாறாவது வயதளவில் அவர் இறையடி சேர்ந்தார். புறக்கோட்டையில் அவர் கட்டிய மண்டபத்தில் அப்போதும் கொழும்பு மாநகர சபை கூடிக்கொண்டிருந்தது.